கழுவக் கூடாததைக் கழுவியவள்

போன மாதம் நெஞ்செரிச்சல் தாங்காமல், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே ஆஸ்பத்திரிக்குப் போய், இருபத்தாறு வருஷம் நானே துடைத்த மேசையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். எண்டோஸ்கோப்பி அறையில் நின்றே காலம் தள்ளியவளுக்குப் படுப்பது இதுதான் முதல் தடவை. மேலே ஒரு மூலையில் ஒட்டடை இருந்தது. நின்றுகொண்டிருந்த நாளில் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அறையில் இருந்த மூன்று பேருக்கும் என் கண் எங்கே போகிறது என்பதிலேயே கவனம். மாமியார் பக்கத்தில் நிற்க முதல் ரசம் வைக்கிற மருமகள் மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தார்கள். வாயில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்து நான் பேசுவதை நிறுத்திய பிறகுதான் அவர்களுக்கு மூச்சே வந்தது. வயிற்றில் சதை எடுக்கிற நேரம், இப்போது அந்த அறையைப் பார்க்கும் பெண் பயாப்சி கம்பி இருந்த புதுப் பாக்கெட்டை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து, நான் பார்த்துவிட்டேனா என்று உறுதிசெய்துகொண்டு கிழித்தாள்.

முடிந்து உட்கார்ந்ததும் கேட்டாள், உங்கள் காலத்தில் எல்லாவற்றையும் கழுவித்தானே பயன்படுத்தினீர்கள், அது நல்லதா, இந்த ஒருதடவைச் சாமான் நல்லதா என்று. தொண்டை மரத்திருக்கிறது, எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்தேன். இரண்டு வரியில் முடிக்கலாம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். நான் எந்தக் காலத்தில் எதை இரண்டு வரியில் முடித்திருக்கிறேன்?

நான் தாராபுரத்துக்காரி. நர்ஸிங் படித்து, வார்டில் ஊசி போட்டு, கல்யாணமாகி பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூருக்குக் குடிவந்தது வரைக்கும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லாப் பெண்களும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கதை டாக்டர் நடேசனிடம் தொடங்குகிறது. எங்கள் வயிற்று டாக்டர் அவர். எண்டோஸ்கோப்பிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு நாள் நர்ஸ்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, “உங்கள்ள பாத்திரம் வெளக்கறதுக்குப் புடிக்கறவங்க யாருங்க?” என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினேன். அத்தோடு என் தலையெழுத்து முடிவானது.

டாக்டர் ஒல்லியான மனுஷர். எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய் வழியாக உள்ளே விடும் முன் நோயாளியிடம் தொழில் விசாரிப்பார். நிட்டிங் என்றால் எத்தனை மெஷின் என்பார், சாயப்பட்டறை என்றால் இப்போது என்ன கலர் ஓடுகிறது என்பார். அந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது குழாய் உள்ளே போயிருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களே பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுகிறவர்கள். இவர் கோபம் வந்தால் அதை இரட்டிப்பாக்குவார். பாதி கேஸில் கரண்ட் போய், ஜெனரேட்டர் போடுகிறவர் டீக்கடைக்குப் போயிருந்தால், “அவரு வந்துட்டாருங்களாங்க, இல்லீங்களாங்க?” என்று மெதுவாகக் கேட்பார். அந்த இரண்டாவது ‘ங்க’ வந்துவிட்டால் நாங்கள் ஓட வேண்டும் என்று அர்த்தம்.

கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வயிற்றிலிருந்து குழாய் வெளியே வந்த கையோடு மேலே துடைத்து, உள்ளே சோப்புத் தண்ணீர் உறிஞ்சவிட வேண்டும். காய்ந்தால் கெட்டது. பிறகு காற்றடித்துத் தண்ணீரில் முக்கி எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், பங்சர் கடையில் பார்ப்பதேதான். உள்துளையில் நீளப் பிரஷை விட்டு, மறுமுனையில் வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு கண்ணைக் கரிக்கும் கிருமிநாசினித் தொட்டியில் கணக்காக இருபது நிமிஷம். அலசி, ஸ்பிரிட் விட்டு, காற்றால் உலர்த்தி, அலமாரியில் நெட்டுக்குத்தலாகத் தொங்கவிட வேண்டும். மடக்கிப் பெட்டியில் வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

அந்தக் குழாயின் உள்துளை வழியாகப் போவதுதான் பயாப்சி கம்பி. ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான மெல்லிய கம்பி. நுனியில் எள் அளவு இரண்டு கிண்ணம், முதலை வாய் மாதிரி. மறுமுனையில் கைப்பிடி. டாக்டர் கம்பியைத் தள்ளி இடத்தைக் காட்டுவார். வாயைத் திறப்பதும் மூடுவதும் என் கட்டைவிரல். கடித்த துண்டை வெளியே எடுத்து, பார்மலின் பாட்டிலில் நுனியை ஆட்டினால் சதை கழன்று மிதக்கும். அப்போது எங்களிடம் இருந்தது ஸ்டீல் கம்பி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற மாதிரியே செய்தது. பிரஷ் போட்டு, அதிர்வுத் தொட்டியில் போட்டு உள்ளிருக்கும் அழுக்கை உதறவைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைப்போம். நாள்பட்டால் முனை மழுங்கும். அப்போது டாக்டர், “இது கடிக்க மாட்டேங்குதுங்க ருக்மணி, முத்தம் கொடுக்குதுங்க” என்பார். நோயாளிக்குச் சிரிப்பு வரும், குழாய் இருப்பதால் சிரிக்க முடியாது.

என் கைபட்ட சாமான் சுத்தம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர். எனக்கும் அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

பிறகு ஆடிட் வந்தது. பனியன் கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் ஒரு தர ஆடிட். வந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனதில், பயாப்சி கம்பி இனி ஒருதடவை பயன்படுத்தி எறிகிற வகைதான் என்று முடிவானது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வட்டத்துக்குள் இரண்டு என்று எழுதி, அதன்மேல் குறுக்கே கோடு போட்டிருந்தது. இரண்டாம் தடவை கூடாது என்று அர்த்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் கழுவியது என்ன, தண்ணீர் காட்டியதா? அதுவும் இந்த ஊரில். வெட்டுத்துணி வேஸ்டைக்கூட ரகம் பிரித்து, வெள்ளை தனி கலர் தனி என்று விற்கிற ஊரில், நாலு கடி கடித்த புத்தம்புதுக் கம்பியைக் குப்பையில் போடு என்றால் யாருக்கு மனசு வரும்? முதல் நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். வாய் கூர்மை, கம்பி நேர். போட முடியவில்லை. கழுவினேன். ஆட்டோகிளேவில் போட்டால் அதன் பிளாஸ்டிக் உறை உருகிவிடும், அதிர்வுத் தொட்டிக்கும் தாங்காது. ஆகவே பிரஷ் போட்டு, கிருமிநாசினித் தொட்டியில் ஊறவைத்து, உலர்த்தி, தனி இழுப்பறையில் வைத்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் மிச்சம்பிடிக்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. என் கையால் கழுவினால் எதுவும் புதுசுதான் என்ற கொழுப்பு, அவ்வளவுதான். கேஸ் அதிகமான நாட்களில் பாக்கெட்டைக் கிழிக்காமல் இழுப்பறையைத் திறப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு கறி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் திங்கட்கிழமைதான் வருவார்கள், அன்றைக்குப் பன்னிரண்டு கேஸ். காலையில் குண்டடம் பக்கத்து விவசாயி சின்னச்சாமி. அறுபது வயதிருக்கும். வயிற்றில் புண். டாக்டர் புண்ணின் ஓரத்தைச் சுற்றி ஆறு கடி எடுத்தார். சீட்டில் ஆறு என்று எழுதி, பாட்டிலை மூடி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கம்பியைக் கழுவித் தொட்டியில் போட்டேன்.

மதியத்துக்கு மேல் ஜெபராணி வந்தாள். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், நல்லூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வாசம். குழந்தைகள் பனியன் தைக்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் சூபர்வைசர். நாற்பத்திரண்டு வயது. வயிறு லேசாகச் சிவந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் நாலு கடி எடுத்தார். நான் இழுப்பறையைத் திறந்து, காலையில் கழுவிய கம்பியைத்தான் எடுத்திருந்தேன். அவள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையை அவளிடம் கொடுத்துவிட்டு, மறுகையால் திறந்து மூடினேன்.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சின்னச்சாமிக்கு வெறும் புண், புற்றுநோய் இல்லை. ஜெபராணிக்குப் புற்றுநோய்.

டாக்டர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். வயிறு பார்க்க நன்றாக இருக்கும்போதே அதன் உட்சுவருக்கடியில் பரவுகிற வகை ஒன்று உண்டு, அதுதான் என்று லேபில் எழுதியிருந்தார்கள். மறுபடி ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார். ஜெபராணி ஒத்துக்கொள்ளவில்லை. எடுக்க வேண்டியதைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், மாசக் கடைசியில் ஷிப்மென்ட் இருக்கிறது, அதற்குள் எழுந்து நிற்க வேண்டும் என்றாள். கோவையில் சர்ஜனிடம் அனுப்பினார். வயிற்றையே எடுக்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டை ஃபைலில் வைக்கும்போதுதான் நான் பார்த்தேன். நான் நாலு என்று எழுதி அனுப்பிய பாட்டிலில் லேபுக்கு ஐந்து துண்டு கிடைத்திருந்தது. அதில் ஒன்றில் மட்டும்தான் நோய். ஒரு துண்டு இரண்டாக உடைவது சகஜம், அதனால் லேபில் யாரும் கேட்கவில்லை.  அந்த ஐந்தாவது துண்டு எப்படி வந்திருக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஊரையெல்லாம் வாயால் வறுத்தெடுக்கிறவளுக்கு அந்த மூன்று நாள் நாக்கு எங்கே போயிற்றோ. துண்டு உடைந்துதான் இருக்கும், நான் சுத்தமாகத்தான் கழுவினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும், பேர் போய்விடும் என்ற பயம். உண்மையைச் சொன்னால் வேலையைவிடப் பேருக்குத்தான் அதிகம் பயந்தேன். வெட்கக்கேடு.

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஜெபராணி, என்னைத் தேடி அறைக்கு வந்தாள். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டதற்கு நன்றி சொல்லத்தான் வந்தாளாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள், ஒன்பது வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணன் பெண்டாட்டியிடம் நேற்று போனில் பேசிவிட்டதாக. மைனி, நான் போயிட்டா என் பிள்ளையைப் பார்த்துக்கோ என்று அழுதாளாம். அந்த மைனியும் அழுது, இவளைப் பார்த்துக்கொள்ள மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிவிட்டாளாம். “சாவப்போறேன்னாத்தான் நம்ம சனம் ஒத்துமையாவும் போல” என்றாள்.

அவள் படி இறங்கியதும் நேராக டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையை, காலைக் கம்பியை, ஐந்தாவது துண்டை.

அவர் திட்டவில்லை. அந்த இரட்டை ‘ங்க’வுக்காகக் காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. எழுந்துபோய் சின்னச்சாமியின் ஃபைலை எடுத்துவந்து பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். நான் ஆறு என்று எழுதியிருந்தேன். லேபுக்குக் கிடைத்தது ஐந்து.

அதுவரை ஜெபராணியின் வயிறு ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. அப்போதுதான் மறுபாதி விளங்கியது. ஆறாவது கடியில் வந்த சதை கம்பியின் வாயிலேயே தங்கியிருக்கிறது. தொட்டியில் ஊறிக் கெட்டியாகி, மதியம் ஜெபராணியின் பாட்டிலில் போய்க் கழன்றிருக்கிறது. நோய் அந்த ஆளுக்கு. அந்த ஆளை ஒன்றுமில்லை என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்திருக்கிறோம்.

“பாக்கெட் கிழிக்கற சத்தம் கேக்கலையேன்னு ஒரு நாள் நெனச்சனுங்க ருக்மணி” என்றார் டாக்டர். “நீங்க செஞ்சாச் செரியாத்தான் இருக்கும்னு கேக்காம உட்டுட்டனுங்க. அது என் தப்பு. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லணுமுங்க. நான் பக்கத்துல இருக்கறனுங்க.”

அன்றைக்கே ஜெபராணியைத் திரும்ப வரவழைத்தோம். சொன்னேன். நடுவில் அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னேன். புதுக் கம்பியில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அநேகமாக உனக்கு ஒன்றும் இருக்காது என்றார் டாக்டர். ஜெபராணி எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

“அப்ப பஸ் ஏறிட்ட மைனிட்ட நான் என்னத்தச் சொல்ல?” என்றாள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும்தான். பிறகு, அந்தத் துண்டுக்குச் சொந்தக்காரர் யார், அவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். ஃபைலைப் பார்த்ததிலிருந்து போன் அடிக்கிறோம், எடுக்கவில்லை, நாளைக்கும் முயற்சி செய்வோம் என்றேன். அவள் முகம் மாறியது. தையல் லைனில் பிசிறடித்த துணியைக் கண்டுபிடித்த சூபர்வைசர் முகம் அது.

“எங்க கம்பெனில ஊசி ஒடஞ்சா, துண்டு அம்புட்டும் கெடைக்கணும் சிஸ்டர். கொழந்த போடுத துணி. ஒரு முனை கொறஞ்சாலும் லைன நிறுத்திப்போட்டு, ஒடச்சவதான் கீழ உக்காந்து தேடணும். போன் அடிச்சுப் பாக்கோம்னுலாம் சொல்ல முடியாது. நீங்க ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்கிய?”

 டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்தேன். பல்லடம் போய், தாராபுரம் பஸ் ஏறி, குண்டடத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு பால்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன்.

சின்னச்சாமி முருங்கைத் தோட்டத்தில் காய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆஸ்பத்திரி அம்மிணி என்று அடையாளம் கண்டு மகிழ்ந்துபோனார். போனை ஏன் எடுக்கவில்லை என்றேன். தெரியாத நம்பர் என்றாலே லோன் வேணுமா என்று கேட்கிறார்கள், அதனால் எடுப்பதில்லையாம். மாத்திரை அருமை, இப்போது களி கூடத் தின்கிறேன், இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரவேண்டியதில்லை என்று சொல்லி, எனக்கென்று நல்ல காயாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்ட ஆரம்பித்தார். அந்த நார் முடிச்சு விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது.

சொன்னேன். பக்கத்தில் அவர் மனைவி பொன்னாத்தா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னாத்தா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் வெயிலில் வந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தராமல் உள்ளே போவது சாதாரணக் காரியம் இல்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

சின்னச்சாமி வரப்பில் உட்கார்ந்தார்.

“அந்தம்மாளுக்கு ஒண்ணும் இல்லீங்களே?” என்றார்.

“இருக்காதுங்க.”

“அப்ப எனக்குத்தானுங்க.”

“ஆமாங்க” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாளை காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று கெஞ்சினேன். அவர் எழுந்துபோய்ப் பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து என்னிடம் நீட்டினார். குடித்தேன். முருங்கைக்காய்க் கட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை மட்டும் வாங்க முடியவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெபராணிக்கு மறுபடி எடுத்ததில் எல்லாத் துண்டும் சுத்தம். ஆபரேஷன் ரத்தானது, ஷிப்மென்ட் போனது, மைனி இரண்டு மாதம் தங்கி அவளைப் படுத்தியெடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாள். அதற்கு ஜெபராணி இன்றைக்கும் தெருவில் என்னைக் கண்டால் கணக்குத் தீர்ப்பாள். சின்னச்சாமிக்கு வயிற்றில் முக்கால்வாசியை எடுத்தார்கள். நோய் வெளியே பரவியிருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட்டுக்கொண்டு, தோட்டம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் என்னை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் பிறகு திரும்ப எடுத்தார்கள். எதை எத்தனை தடவை கழுவலாம் என்று அந்தச் சாமானைச் செய்தவனே எழுதித் தந்திருப்பான், அதைப் படி, உன் கைத்திறமையை அதற்குமேல் ஏற்றாதே. என் மூக்குக்கு முன்னால் பாக்கெட்டைக் கிழித்த அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஆனால் சின்னச்சாமி திரும்ப வந்த அந்த வெள்ளிக்கிழமைக் காலையைச் சொல்லாமல் விட முடியாது. டாக்டர் தொழில் விசாரிக்கவில்லை. பாக்கெட்டைச் சின்னச்சாமியின் கண்ணெதிரில் கிழித்தேன். எட்டுக் கடி. ஒவ்வொன்றும் பாட்டிலில் விழுந்ததும் வாய்விட்டு எண்ணினேன். எட்டாவது விழுந்த பிறகு கம்பியின் வாயைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குழாயை எடுத்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் அறையிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, கம்பியை வெட்டப்போனேன்.

“ஏனுங்க அம்மிணி, புத்தம்புதுசா இருக்குதுங்களே” என்றார், மரத்த நாக்கோடு. “கழுவி வெச்சா இன்னொருத்தருக்கு ஆகுமுங்களே.”

“கழுவி வெச்சதுதானுங்க இத்தன வெனையும்.”

அவர் யோசித்தார். “நீங்க அன்னைக்கே அந்தக் கம்பிய வெட்டிக் குப்பைல போட்டிருந்தா, என்ற நோவும் அதுக்குள்ளயே போயிருக்குமுங்க. எனக்குத் தெரியாமயே போயிருக்கும். நீங்க கழுவுனதுனாலதான அம்மிணி நான் இங்க உக்காந்திருக்கறேன்?”

 டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். இதைவிட நல்ல மன்னிப்பு எனக்கு யாரும் தரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துக்கொள்ள ஆசையாகவும் இருந்தது.

“இல்லீங்க” என்றேன். “அன்னைக்கு நான் விழுந்த துண்ட எண்ணியிருந்தா, ஆறாவது துண்டு உங்க பாட்டில்லயேதானுங்க இருந்திருக்கும்.”

சின்னச்சாமி கையை நீட்டினார். கம்பியின் ஒரு முனையை, வெட்ட வசதியாக இருக்கட்டும் என்று, அவரே கையில் பிடித்துக்கொண்டார். நான் வெட்டினேன்.